தொப்பி குனியும் நேரம்

தம்பித்துரைக்குக் கோல்ஃப் ஆடுகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் பதினெட்டு வருடமாக அவர் சம்பளம் வாங்கியதே அவர்களைக் கண்வாங்காமல் பார்ப்பதற்குத்தான்.

துன் நகரத்து ரயில் நிலையத்தில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் அந்த மைதானம் வந்துவிடும். பதினெட்டுக் குழி, நடுவில் ஒரு குளம், பின்னால் ஸ்டொக்ஹோர்ன் மலை. ஆட வருகிறவர்கள் மலையைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விடுவார்கள், பிறகு மலை அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள். தம்பித்துரை இந்த நாட்டுக்கு எண்பத்தொன்பதில் அகதியாக வந்தவர். ஒன்பது வருடம் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினார். தொண்ணூற்றெட்டில் மைதானத்தில் புல் வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்தார். கைக்கு வெந்நீர் படாத வேலை கிடைத்ததே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் முதல் பந்து காதோரம் சீறிக்கொண்டு போகும்வரைதான் இருந்தது.

பந்து என்றதும் ரப்பர் பந்து என்று நினைக்கக்கூடாது. கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் கல். நன்றாக அடிக்கத் தெரிந்தவன் அடித்தால் நெடுஞ்சாலையில் போகிற காரை விட வேகமாக வரும். அப்படிப் பந்து வருகிற இடத்தில் முழங்காலில் இருந்து குழி வெட்டவேண்டும். ஒரே குழியை நாள் கணக்காக வைத்திருந்தால் சுற்றியிருக்கிற புல் மிதிபட்டுச் செத்துவிடும் என்பதால் குழியை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். குழிவெட்டி என்பது கைபிடி வைத்த ஒரு இரும்புக் குழாய். அதை நெட்டுக்குத்தாக இறக்கி, மண்ணை உருளையாகத் தூக்கி, அந்த உருளையால் பழைய குழியை அடைக்கவேண்டும். வெட்டுகிறவன் நிலத்தைத்தான் பார்க்கலாம், வேறெங்கும் பார்க்க முடியாது. அதனால் கூட ஒருவன் நிற்பான். மேலே பந்தடிக்கிற மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவனுக்கு வேலை. வேறு மைதானங்களில் வேலையாட்கள் விலகும்வரை ஆடுகிறவர்கள் பொறுத்திருப்பார்களாம். இங்கே அந்த வழக்கமெல்லாம் கிடையாது. சந்தா கட்டியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வேலையாள்தான் விலகவேண்டும்.

நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் நிற்கிறவனின் கண் தெரியாது. தொப்பியின் முனை தெரியும். அதை வைத்துத்தான் தம்பித்துரை எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். முனை நிமிர்ந்திருந்தால் ஆள் எங்களைப் பார்க்கிறான், பயமில்லை. முனை குனிந்தால் அவன் கண் பந்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு நீயும் இல்லை, நானும் இல்லை, பெற்ற தாயும் இல்லை. மூன்று மூச்சு விடுவான். பந்து வரும். அந்த மூன்று மூச்சுக்குள் "குனி" என்று கத்தவேண்டும். உறுப்பினர்கள் நாள் முழுக்க ஆளுக்கு ஆள் கூச்சல் போடுவதால் அந்தச் சத்தத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. "குனி" என்ற சொல் கூட வேலைசெய்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும்.

போகப்போக ஆட்களின் வகையும் பிடிபட்டது. புதிதாகப் பழகுகிறவன் மட்டையைப் பின்னுக்குத் தூக்கும்போது அதோடு கண்ணையும் கொண்டுபோவான். அவனுடைய பந்து எங்கே போகும் என்று அவனைப் படைத்தவனுக்கும் தெரியாது. கொஞ்சம் தேறியவன் பந்தின் உச்சியைப் பார்ப்பான். அடித்து முடியுமுன்னமே தலையைத் தூக்குவான், பந்து முயல் மாதிரிப் புல்லுக்குள் ஓடும். உண்மையில் ஆடத் தெரிந்தவன் பந்தின் பின்புறத்தில், மட்டை படப்போகிற ஒரு புள்ளியைப் பிடித்து வைத்திருப்பான். பந்து போன பிறகும் ஒரு கணம் வெறும் புல்லையே பார்ப்பான். மணல் குழிக்குள் விழுந்தால் பந்தைப் பாராமல் அதற்கு இரண்டு விரல் பின்னாலுள்ள மணலைப் பார்ப்பான். இதெல்லாம் யாரும் தம்பித்துரைக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தலை தப்பவேண்டுமே என்று பார்த்துப் பார்த்து அறிந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் மகேஸ்வரன் வந்து சேர்ந்தான். தம்பித்துரையின் மனைவி யோகாம்பாளின் தங்கை சுமித்ராவுடைய புருஷன், ஆகச் சகலன். தம்பித்துரையை விடப் பன்னிரண்டு வயது இளையவன். அகதி முகாமிலிருந்த அவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், தலைமைப் பராமரிப்பாளர் ஃபிராவ் கெர்பர் என்கிற மனுஷி முன்னால் நிறுத்தி, இவன் நல்லவன், இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னது தம்பித்துரைதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தன் நாக்கை அறுத்தெறியலாம் போல அவருக்கு இருந்திருக்கிறது.

முதல் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. "அண்ணை, அண்ணை" என்று வால்பிடித்துக்கொண்டு திரிந்தான். ஒருவர் வெட்ட மற்றவர் பார்த்தார். பதின்மூன்றில் பழைய மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு வருகிறவருக்குப் பிளாட்ஸ்ரைஃபே கட்டாயம் இருக்கவேண்டும் என்று ஃபிராவ் கெர்பர் ஒன்பது மணித் தேநீர் நேரத்தில் அறிவித்தார். மைதானத்தில் இறங்கி ஆடத் தகுதி உண்டு என்று காட்டுகிற சோதனை அது. ஆட்டம் தெரியாதவன் ஆட்டக்காரருக்கு நிலம் தயார்செய்ய முடியாது என்பது அவருடைய கட்சி. என், எஃப், பி, சி என்று எழுத்து எழுத்தாக வதிவிட அட்டைகளை மாற்றி மாற்றி இந்த நாட்டில் கால் ஊன்றியவர் தம்பித்துரை. இன்னும் ஒரு அட்டைதானே, அதையும் எடுத்துவிடுவோம் என்று பெயர் கொடுத்தார். மகேஸ்வரனும் கொடுத்தான்.

அந்தச் சோதனையில் தம்பித்துரையின் மானம் கப்பலேறியது. பயிற்றுநர் பந்தின் பின்புறத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை மட்டும் பார், அடித்த பிறகும் அந்த இடத்தையே பார் என்றார். தம்பித்துரை பார்த்தார். மட்டையைத் தூக்கும்வரை பார்த்தார். கை கீழே இறங்கத் தொடங்கியதும் தலை தானாக நிமிர்ந்தது. பதினைந்து வருடம் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கண் அது. பந்து நாலு அடி உருண்டு நின்றது. பத்துத் தடவை அடித்தார், பத்துத் தடவையும் அதே கதை. பயிற்றுநர் அலுத்துப்போய், புள்ளி என்ன நிறம் என்று கேட்டார். தம்பித்துரைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான்காம் குழிப் பக்கம் ஒரு மனுஷி சில்லு உடைந்த மட்டை வண்டியை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று சொன்னார். பயிற்றுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானத்துக்குள் அந்தக் கதை கிளப் வீடு முழுக்கப் பரவிவிட்டது. தம்பித்துரை இரண்டாவது தடவை போனார், அதிலும் தோற்றார். மூன்றாவது தடவை போகவில்லை.

மகேஸ்வரன் ஒரே தடவையில் தேறினான். பந்து பறந்துபோய் விழுந்த பிறகும் அது இருந்த இடத்தையே, மூலஸ்தானத்தைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் லொறி வந்தாலும் இவனுக்குத் தெரியாது என்று தம்பித்துரை நினைத்தார். அது அவருக்குக் கெட்டித்தனமாகப் படவில்லை. உலகத்தில் வேறு எவரும் இல்லை என்று நினைக்கிறவனுக்குத்தான் அந்தப் பார்வை வரும், கைதூக்கி விட்டவனை மறக்கிறவனுக்குத்தான் வரும் என்று வயிறெரிந்தார்.

மேற்பார்வையாளனான அன்று மகேஸ்வரன் தேடி வந்து, இதை மனதில் வைத்திருக்கவேண்டாம் அண்ணை என்று சொன்னான்.

"நான் உமக்கு அண்ணையில்லை. வேலை என்னெண்டு சொல்லும், செய்யிறன்" என்றார் தம்பித்துரை.

அதோடு பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து வேலைகள் வெள்ளைப் பலகையில் எழுத்தாக வந்தன. இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால். அக்காவும் தங்கையும் தொலைபேசியில் குசுகுசுத்து எவ்வளவோ சமாதானம் செய்து பார்த்தார்கள். பதினைந்தில் மகேஸ்வரனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். பெரியப்பா முறையில் மேடை ஏறிப் பிள்ளையோடு நின்று படம் எடுக்கவேண்டிய மனுஷன், மண்டபத்துக்கு வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, சோற்றில் கை வைக்காமல் வீடு திரும்பினார். இப்படியும் ஒரு மனுஷனோ என்று சனம் கேட்டது. தம்பித்துரை அதைக் காதில் போடவில்லை.

பேச்சில்லாத இரண்டு பேர் எப்படி ஒருவருக்கொருவர் காவல் நிற்பது? அதற்கும் மகேஸ்வரன் ஒரு வழி கண்டுபிடித்தான். கத்துவதற்குப் பதிலாக விசில். பார்க்கிறவன் ஊதவேண்டும், வெட்டுகிறவன் எழுந்து வேலை வண்டிக்குப் பின்னால் போகவேண்டும், விசில் கேட்ட பிறகுதான் உறுப்பினர் அடிக்கவேண்டும். கிளப்பும் அதை ஏற்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பாதி உறுப்பினர் அதை வாசிக்கவில்லை, வாசித்தவர்கள் மறந்துபோனார்கள். ஆகவே தொப்பியைப் பார்க்கிற வேலை பழையபடியே இருந்தது. ஒரு நாள் காலை தம்பித்துரையின் அலமாரிக் கொளுவியில் நீல நாடாவில் கோத்த விசில் ஒன்று தொங்கியது. நாய் பழக்குகிறவன் கொண்டுதிரிகிற சாமானை எனக்குத் தருகிறானே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும் கழுத்தில் மாட்டினார். மாட்டாமல் விட்டால் பலகையில் அதையும் எழுதுவான்.

இரண்டாயிரத்துப் பதினாறு செப்டெம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் நடந்த ஊழியர் போட்டியில் மகேஸ்வரனுக்கு மூன்றாம் இடம், பரிசு ஒரு பெரிய துண்டுச் சீஸ். அதைத் தேநீர் மேசையில் வைத்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தான். தம்பித்துரையின் முன்னாலும் ஒரு துண்டு வைத்தான். அவர் அதைத் தொடாமல் எழுந்து போனார்.

பத்து மணிக்கு ஏழாம் குழிக்குப் போனார்கள். சின்னக் குழி அது. மேட்டிலிருந்து நூற்று முப்பது மீற்றர்தான். மகேஸ்வரன் முழங்காலில் இருந்து குழிவெட்டியை இறக்கினான், தம்பித்துரை பக்கத்தில் நின்று மேலே பார்த்தார். ஹெர் ஏபர்சோல்ட் மேட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பல்வைத்தியர், எழுபத்தாறு வயது, கிளப் நிர்வாகத்தில் ஒருவர். நிலத்தில் குத்திய மர ஊசியில் பந்தை வைத்தார். நிமிர்ந்து இவர்களைப் பார்த்தார். தொப்பி முனை உயர்ந்திருந்தது. இன்னும் நேரமிருக்கிறது என்று தம்பித்துரை நினைத்தார்.

நினைத்துவிட்டுக் கீழே பார்த்தார். மகேஸ்வரனின் வலது கை வெயிலில் கறுத்துப்போயிருந்தது. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே வெளிறியிருந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கையில் மட்டும் உறை போடுவார்கள். அந்த உறைக்குள் இருந்த கைதான் வெளிறிப்போயிருந்தது. அவர்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும், பதினெட்டு வருடத்தில் நூறு பேரிடம் பார்த்திருக்கிறார். அந்தக் கை இப்போது தமிழன் ஒருவனிடம், அதுவும் தான் கூட்டி வந்தவனிடம் இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று பிறகு பலமுறை யோசித்தார். நாலு மூச்சு இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம்.

மேலே மட்டை பந்தில் படுகிற சத்தம் கேட்டது. அதற்குச் சற்று முன்புதான் மகேஸ்வரன் முகத்தை நிமிர்த்தியிருந்தான்.

பந்து இடது கண்ணில் பட்டது. மகேஸ்வரன் குழிவெட்டியைப் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தான். தம்பித்துரை மண்டியிட்டு அவன் தலையை மடியில் தூக்கிவைத்துத் துவாயால் பொத்தினார். ஐயோ என்று வாய்விட்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. அவன் செத்துப்போகவேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் இல்லாமல் போகவேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்.

ஹெர் ஏபர்சோல்ட் மட்டை வண்டியை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, விசில் கேட்டதே, இவன் ஏன் எழும்பவில்லை என்பதுதான். தம்பித்துரை அவரைப் பார்த்தார். விசில் ஊதப்படவில்லை, ஆகவே அவருக்குக் கேட்டிருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். விசிலுக்குக் காத்திராமல் அடித்தவர் என்ற பழியிலிருந்து தப்ப மனுஷன் அவசரம் அவசரமாக ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார், அந்த வழியில் தம்பித்துரைக்கும் இடம் விட்டிருந்தார். அந்த இடத்திலேயே இல்லையென்று சொல்லியிருக்கலாம். தம்பித்துரை சொல்லவில்லை. அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் கத்தினார்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் காப்புறுதிக்காரர் ஒருவர் வேலைக்கொட்டகைக்கு வந்தார். மரியாதையான இளைஞர், மடியில் கணினி. ஹெர் ஏபர்சோல்ட் ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருக்கிறார், விசில் தெளிவாகக் கேட்டதாம், அதற்குப் பிறகுதான் அடித்தாராம், சரிதானே என்று கேட்டார். தம்பித்துரை ஒன்றும் புனையவேண்டியிருக்கவில்லை. "யா" என்றார். அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிட்டது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர் விலகவில்லை என்று எழுதினார்கள். ஒரு பொய்க்கு மற்றப் பொய் முட்டுக்கொடுத்து நின்றது. எதிர்த்துச் சொல்ல மகேஸ்வரனுக்கு யாரும் சாட்சி இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் வாயே திறக்கவில்லையாம்.

ஒக்டோபரில் ஃபிராவ் கெர்பர் சாவிக்கொத்தைத் தம்பித்துரையிடம் கொடுத்தார். வேறு ஆளில்லை, சோதனையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பலகையில் முதல் தடவையாகத் தன் கையால் எழுதியபோது தம்பித்துரைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? ஒரு கிழமை நன்றாக நித்திரை கொண்டார், நன்றாகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

யோகாம்பாள் அவரை ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டுப்போட்ட முகத்தோடு படுத்திருந்த மகேஸ்வரன், இவர் உள்ளே வந்ததும் மற்றக் கண்ணை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். இவர் வெளியேறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. சுமித்ரா கொண்டுவந்த சூப்பை மட்டும் வாங்கிக் குடித்தான். வீட்டுக்கு வந்ததும் யோகாம்பாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள்.

"நீங்கள் ஊதினனீங்களோ?"

"ஓம்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த முறையில் பார்த்தார், மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில், எங்கேயோ. ஓம் என்று இன்னொருமுறை சொன்னார். யோகாம்பாள் கோட்டைக் கழற்றிக் கொளுவினாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், ஆனால் அவரோடு இருந்து சாப்பிடவில்லை. தங்கை தொலைபேசி எடுத்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள்.

அடுத்த ஏப்ரலில் மகேஸ்வரன் வேலைக்குத் திரும்பினான். இடது பக்கத்தில் கண்ணாடிக்கண், ஆளைப் பாராமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கோல்ஃப் ஆடலாமா என்று கொட்டகையில் யாரோ கேட்டதற்கு, பந்தைப் பார்க்க ஒரு கண் காணும் என்றானாம். காப்புறுதிக்காரர் இலேசான வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஃபிராவ் கெர்பர் தம்பித்துரையை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். குழி வெட்டுவதற்குச் சாய்வு தெரிகிற இரண்டு கண் வேண்டும், அது இனி அவனால் முடியாது. ஆனால் தூரத்தில் நிற்கிற ஆளைக் காண ஒரு கண்ணே போதும். காவல் நிற்கிற வேலையை அவன்தான் கேட்டு வாங்கியிருக்கிறான். வேறு யாரோடும் வேண்டாமாம், தம்பித்துரையோடு மட்டும் போதுமாம். பகையை மறந்து வருகிறான், நீங்களும் மறக்கவேண்டும் என்றார் அந்த மனுஷி. அவருடைய கண் கலங்கியிருந்தது.

மாட்டேன் என்று தம்பித்துரை சொல்லலாம். ஏன் மாட்டேன் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சொல்ல வாய் வராது. குழி வெட்டத் தெரிந்த மற்ற ஆள் போர்த்துக்கல்லுக்குப் போய்விட்டான். நல்லது, சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் நாள் இடம் மாற்றவேண்டிய வேறு குழிகள் இல்லாமல் ஏழாம் குழிக்கே போகவேண்டியிருந்தது. பனி உருகி நிலம் ஈரமாக இருந்தது. மகேஸ்வரன் பின்னால் நின்றான். விசில் அவன் கையில் இருந்தது. தம்பித்துரை முழங்காலில் இருந்து குழிவெட்டியை இறக்கினார். கழுத்துப் பின்புறம் கூசியது. தலை தானாக நிமிர்ந்தது. மேட்டில் யாருமில்லை. மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். இரும்பு ஒரு பக்கம் சரிந்து குழி கோணலாக வந்தது. மண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்கினார். அதுவும் கோணல். வேர்த்துக் கொட்டியது. அப்போது மேலே வண்டி உருளுகிற சத்தம் கேட்டது, யாரோ வருகிறார்கள். நிமிரப்போனார்.

"நிமிர வேண்டாம்" என்றான் மகேஸ்வரன்.

மூன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் இவரோடு பேசிய முதல் பேச்சு அது. தம்பித்துரை குனிந்தபடியே இருந்தார்.

"அண்டைக்கு எங்கை பாத்துக்கொண்டு நிண்டனீ?"

நீ என்றான். பன்னிரண்டு வயது இளையவன். ஒரு காலத்தில் அந்த ஒரு சொல்லுக்காகவே தம்பித்துரை அவன் கன்னத்தில் அறைந்திருப்பார். இப்போது அது அவருக்கு உறைக்கவேயில்லை. முன்னால் புல்லும் மண்ணும் இருந்தன. அங்கே வேறொரு பொய் கிடைக்குமா என்று பார்த்தார். விசில் ஊதினேன், காற்று எடுத்துப்போய்விட்டது என்று சொல்லலாம். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லலாம். மேலே வண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"உன்னைத்தான்" என்றார். "உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். மேலை பாக்கேல்லை. ஊதேல்லை."

"தெரியும்" என்றான் மகேஸ்வரன். "நீ முறைச்சுக்கொண்டு நிண்டது எனக்கு முதுகிலை தெரிஞ்சது. என்னடா பாக்கிறாய் எண்டு கேக்கத்தான் நிமிந்தனான். குனிஞ்சபடி இருந்திருந்தா முதுகோடை போயிருக்கும்."

தம்பித்துரை குழிவெட்டியிலிருந்து கையை எடுத்தார். இவ்வளவு நாளும் தான் ஊதாமல் விட்டதுதான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவனை நிமிரவைத்ததும் தன் பார்வைதான் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கே கெர்பரிடம் போய்ச் சொல்லுகிறேன், காப்புறுதிக்கும் எழுதிக் கொடுக்கிறேன், இந்தச் சாவிக்கொத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். குரல் அழுகிறமாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று முதல் தடவையாக ஒரு நம்பிக்கை வந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லப்படாது" என்றான் மகேஸ்வரன். அவன் குரலில் கோபம்கூட இருக்கவில்லை. "சொன்னா உன்னை நிப்பாட்டிப் போடுவினம். நீ வீட்டை போய்ப் படுத்திருப்பாய். நீ போகப்படாது. நீ இஞ்சை நிண்டு நாளாந்தம் குழி வெட்டவேணும், பின்னாலை நான் நிக்கவேணும். பென்சன் வருமட்டும்."

பென்சனுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. தம்பித்துரை விரலால் கணக்குப் பார்க்கவில்லை, அது அவருக்கு மனப்பாடம். தானாகப் போய் வேலையை விட்டுவிடலாம் என்றொரு நினைப்பு ஓடியது. ஐம்பத்தைந்து வயதில் யார் வேலை தருவார்கள்? யோகாம்பாளிடம் என்ன காரணம் சொல்லுவது? அந்த நினைப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மேலே ஊசியில் பந்து வைக்கிற ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்பது போல அவருக்கு இருந்தது. அவ்வளவு தூரத்தில் கேட்காது, அது அவருக்குத் தெரியும்.

"மேலை ஆள் நிக்குதோ?" என்று கேட்டார்.

மகேஸ்வரன் பதில் சொல்லவில்லை.

"தொப்பி எப்பிடி நிக்குது? அதையாவது சொல்லன்."

பின்னால் ஒரு அசைவும் இல்லை. தம்பித்துரை குழிவெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, நெட்டுக்குத்தாக இறக்கத் தொடங்கினார்.